பேராலய வாசலில் ஒரு வாய்க்கால் கோர்ட்!

வைகாசி பிறந்த நேரம். எங்கள் ஆய்க்குடியில் குளம் வற்றி, மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குற்றாலத்தில் அருவி விழுகிற இடத்தில் வெறும் பாறைதான் தெரிந்தது. கார் சாகுபடிக்கு நாற்றங்கால் போட இன்னும் மூன்று வாரமாவது ஆகும். மாடுகளைப் பார்த்துக்கொள்ள மச்சினனும் ஒத்துக்கொண்டான். "இப்ப வரலேன்னா நீங்க எப்பவுமே வரமாட்டீங்கப்பா" என்று மகள் போனில் சத்தம் போட்டாள். அப்படித்தான் போன வருஷம் நானும் என் வீட்டுக்காரியும் ஸ்பெயின் நாட்டில் இருக்கிற வலென்சியா நகரத்துக்குப் போய் இறங்கினோம். மாப்பிள்ளைக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, வளைகுடாவில் மாறி, மாட்ரிட் நகரத்தில் இறங்கி, அங்கிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வலென்சியா. பதினெட்டு நாள் இருந்தோம். பார்த்த கோட்டை, கோபுரம், சர்ச் எல்லாவற்றையும் எழுதினால் இந்த இதழ் முழுக்க எனக்கே வேண்டியிருக்கும். ஒரு சம்சாரி கண்ணில் பட்டதை மட்டும் எழுதுகிறேன். அதிலும் ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் பேனாவையே எடுத்தேன். அது கொஞ்சம் பின்னால் வரும்.

ஆறு இல்லாத பாலங்கள்

ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய முதல் நாள், பெரிய பெரிய கல் பாலங்கள் கண்ணில் பட்டன. சில பாலங்கள் பல நூறு வருஷத்துப் பழசு. எட்டிப் பார்த்தால் கீழே தண்ணீர் இல்லை. மரம், புல்வெளி, பிள்ளைகள் விளையாடுகிற இடம், சைக்கிள் பாதை. "ஆத்தையே மூடி பிளாட் போட்டுட்டானுவளா?" என்று கேட்டேன். நம் ஊர்ப் பழக்கம், வேறு எப்படிக் கேட்கத் தோன்றும்?

மாப்பிள்ளை விவரம் சொன்னார். துரியா என்கிற ஆறு ஊரின் நடுவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. 1957 அக்டோபரில் பெருவெள்ளம் வந்து ஊருக்குள் புகுந்து, 80 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதன்பிறகு ஆற்றையே ஊருக்குத் தெற்கே புதுக் கால்வாய் வெட்டித் திருப்பிவிட்டார்கள். காலியான பழைய ஆற்றுப்படுகையில் பெரிய ரோடு போடத்தான் அரசாங்கம் முதலில் திட்டம் வைத்திருந்தது. ஊர் ஜனங்கள் விடவில்லை. ஆற்றங்கால் எங்களுடையது, எங்களுக்குப் பசுமைதான் வேண்டும் என்று மல்லுக்கு நின்றார்கள். 1986 முதல் அது பூங்கா. ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளம். காலையில் நடக்கப் போனால் ஒரு முனையிலிருந்து மறுமுனை போய்ச் சேருவதற்குள் எனக்குக் கால் கடுத்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு, ஆற்றைத் திருப்பிவிட்டால் வெள்ளம் போய்விடும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2024 அக்டோபர் 29 அன்று அந்த வட்டாரத்தில் கொட்டிய மழையில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். புதுக் கால்வாய் நகரத்தைக் காப்பாற்றியது. ஆனால், அதற்குத் தெற்கே இருக்கிற சிற்றூர்களில், போயோ என்று ஒரு காட்டோடை, வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடப்பது, கரை புரண்டு வந்து தெருவில் நின்ற கார்களை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போனது. அந்தப் பக்கம் போனபோது வீட்டுச் சுவர்களில் சேற்றுக்கறை ஆள் உயரத்துக்கு இன்னமும் இருந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததும், தாமிரபரணி ஊருக்குள் வந்ததும் ஞாபகத்துக்கு வந்தன. காய்ந்து கிடக்கிற ஓடையை நம்பி வீடு கட்டக் கூடாது என்று எங்கள் தாத்தா சொல்வார். அது ஸ்பெயினுக்கும் பொருந்துகிறது.

கோரையைப் பயிர் செய்கிற ஊர்

ஊரின் பழைய வாசல் ஒன்று இருக்கிறது. செர்ரானோஸ் கோபுரங்கள் என்று பெயர். 1390-களில் கட்டியது. அப்புறம் லோன்ஹா என்கிற பட்டு வியாபார மண்டபம். 1482-ல் கட்டத் தொடங்கினார்கள். உள்ளே தூண்கள் எல்லாம் கயிறு முறுக்கினாற்போல இருக்கின்றன. அண்ணாந்து பார்த்தால் தென்னந்தோப்புக்குள் நிற்கிற மாதிரி. சுவரைச் சுற்றி லத்தீன் மொழியில் எழுத்து ஓடுகிறது. ஏமாற்றாமல், சொன்ன சொல் மாறாமல், வட்டிக்குப் பணம் கொடுக்காமல் தொழில் செய்கிற வியாபாரி செழிப்பான் என்கிற கருத்தாம். நம் ஊர்க் கமிஷன் மண்டிகளில் இப்படி ஒன்று எழுதி வைக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். எதிரே 1928-ல் திறந்த பெரிய மார்க்கெட். இரும்பும் கண்ணாடியும் பூவேலை ஓடுமாக, அது காய்கறிச் சந்தை என்று சொன்னால் நம்ப முடியாது. தக்காளியிலேயே பல ரகம் தனித்தனியாக அடுக்கி, எந்த ஊரில் விளைந்தது என்று அட்டை எழுதி வைத்திருக்கிறார்கள்.

தெருவெல்லாம் ஆரஞ்சு மரம். பறித்துத் தின்னலாம் என்று கை நீட்டினேன், மகள் தடுத்துவிட்டாள். அது கசப்பு ரகம், அழகுக்கு வைத்தது. ஆரஞ்சுக்கு அவர்கள் சொல்கிற பெயர் 'நராங்ஹா'. அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் என்று அந்தச் சொல்லைப் பின்னோக்கித் துரத்திக்கொண்டு போனால் கடைசியில் தென்னிந்தியாவுக்கு, நம் நாரத்தைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் என்று மொழி ஆராய்ச்சிக்காரர்கள் பலர் கருதுகிறார்களாம். மாப்பிள்ளை சொன்னது.

ஆச்சரியம் இதில் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் பால் நிறத்தில் ஜில்லென்று ஏதோ வாங்கிக் கொடுத்தார்கள். பெயர் ஓர்ச்சாத்தா. தேங்காய்ப்பாலில் பாதாம் அரைத்துவிட்ட மாதிரி ருசி. "இது எதுல செய்றது?" என்று கேட்டதற்கு, 'சூஃபா' என்கிற கிழங்கு என்றார்கள். மறுநாள் அது விளைகிற அல்போராயா என்ற ஊருக்குக் கூட்டிப் போனார்கள். நகரத்தை ஒட்டினாற்போல வடக்கே இருக்கிறது. பார் கட்டி, வரிசை பிடித்து, பச்சைப் பசேலென்று முளைத்து நின்றதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரி அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, இது கோரைல்லா!"

கோரையேதான். நம் வயலில் ஜென்மப் பகையாக நிற்கிறதே, அதன் ஒன்றுவிட்ட சகோதரி. இதன் கிழங்கு கொஞ்சம் பெரிசு, இனிப்பு. சித்திரை வாக்கில் நட்டு, கார்த்திகை, மார்கழியில் தோண்டி எடுத்து, மாதக்கணக்கில் காயவைத்து, ஊறவைத்து அரைத்துப் பால் எடுக்கிறார்கள். "நம்மூர்ல களை எடுக்க ஆள் கிடைக்காம சாவுறோம். இவங்க இதுக்குத் தண்ணி பாய்ச்சுதாங்களே" என்று அவள் சொன்னதை மகள் ஸ்பானிஷில் சொல்ல, அந்த வயல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிற பையனின் அப்பா. (நம் ஊர்க் கோரையைப் பிடுங்கிப் பால் எடுத்துப் பார்க்காதீர்கள். அது வேறு இனம். கிழங்கு கசக்கும்.)

தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் அல்புஃபேரா என்கிற பெரிய ஏரி. சுற்றிலும் நெல் வயல். நாங்கள் போன சமயம் வயலில் தண்ணீர் கட்டி விதைப்பு நடந்துகொண்டிருந்தது. நாற்று நடுவதில்லை, நேரடி விதைப்புதான். அறுப்பு புரட்டாசி வாக்கில். வருஷத்துக்கு ஒரே போகம். அந்த அரிசியில் செய்கிற சோறுதான் பாயேயா. அகலமான தட்டைச் சட்டியில் கோழியும் முயலும் பீன்ஸும் போட்டுச் செய்கிறார்கள். அடியில் காந்தல் பிடித்தால்தான் அது நல்ல பாயேயாவாம். காந்தலைச் சுரண்டி விருந்தாளிக்கு வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் காந்தல் பிடித்தால் அன்றைக்கு யாரும் பேசிக்கொள்ள மாட்டோம்.

மணி அடித்ததும் எட்டுப் பேர்

இனி, நான் சொல்ல வந்த விஷயம்.

"வியாழக்கிழமை ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். உங்களுக்குன்னே உள்ள இடம் அது" என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டே இருந்தார். வியாழன் காலை பதினொன்றரைக்குப் பேராலயத்தின் பின்பக்கத்துச் சதுக்கத்துக்குப் போனோம். நடுவில் ஒரு நீரூற்று. பெரிய ஆண் உருவம் ஒன்று சாய்ந்து படுத்திருக்கிறது. அதுதான் துரியா ஆறு. சுற்றிலும் எட்டுப் பெண்கள் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். எட்டுப் பெண்களும் எட்டு வாய்க்கால்கள். ஆற்றின் இரண்டு கரையிலிருந்தும் பிரிந்து வலென்சியாவைச் சுற்றியுள்ள வயல்களுக்குப் பாய்கிறவை. குவார்ட், மிஸ்லாத்தா, ஃபவாரா, ரஸ்கான்யா என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. வாய்க்காலுக்குச் சிலை வைத்த ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை.

பேராலயத்தில் 'அப்போஸ்தலர் வாசல்' என்று ஒரு வாசல். அதன் முன்னால் வட்டமாக இரும்புக் கம்பித் தடுப்பு. உள்ளே தோல் வைத்துத் தைத்த பழைய மர நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு வாய்க்காலின் பெயர். சுற்றிலும் வேடிக்கை பார்க்க இருநூறு, முந்நூறு பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மிகலெத் என்கிற மணிக்கூண்டில் பன்னிரண்டு அடித்தது. கறுப்பு மேலங்கி போட்ட எட்டுப் பேர் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். நான் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன். காய்த்துப்போன கை. நகத்தில் மண். வக்கீல் படித்தவர் ஒருவரும் அதில் கிடையாது. எட்டுப் பேரும் அந்தந்த வாய்க்கால் பாசனக்காரர்களே தேர்ந்தெடுத்த விவசாயிகள். சொந்தமாக நிலம் வைத்துத் தானே பாடுபடுகிறவராக இருக்க வேண்டும், ஊரில் நேர்மையானவர் என்று பெயர் எடுத்திருக்க வேண்டும். தகுதி அவ்வளவுதான்.

இதுதான் வலென்சியாவின் தண்ணீர்த் தீர்ப்பாயம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் பகல் 12 மணிக்குக் கூடுகிறது.

பித்தளைக் கொக்கி மாட்டிய கம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு டவாலி மாதிரி ஒருவர் எழுந்தார். அந்தக் கொக்கி, மடைப்பலகையைத் தூக்குவதற்கு முன்காலத்தில் வைத்திருந்தது. "குவார்ட் வாய்க்காலில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் உண்டா?" என்று அவர்கள் பாஷையில் உரக்கக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. அடுத்த வாய்க்கால் பெயர். யாருமில்லை. இப்படியே எட்டுப் பெயரும் கூப்பிட்டு முடிந்தது. தலைவர் ஏதோ சொன்னார். எட்டுப் பேரும் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். மொத்தமே ஐந்து நிமிஷம்கூட இருக்காது.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "இதுக்கா இவ்வளவு கூட்டம்? டூரிஸ்ட்டுக்குக் காட்டுற வேடிக்கை போலிருக்கே மாப்ளே" என்றேன். அவருக்கும் பதில் தெரியவில்லை. பதிலுக்கு மறுபடியும் அல்போராயா போக வேண்டியிருந்தது. கோரை வயல் பெரியவரிடம்.

வியாழனுக்கு முன்னால் புதன் இருக்கிறது

பெரியவர் தன் வயல் தலைமாட்டில் ஓடுகிற வாய்க்கால் கரையில் எங்களை உட்காரவைத்துக்கொண்டு சொன்னார். மகள் மொழிபெயர்த்தாள்.

வாய்க்காலை அவர்கள் 'சேக்கியா' என்கிறார்கள். அரபுச் சொல். அரபு முஸ்லிம்கள் அங்கே ஆண்டபோது இந்தப் பாசனத்தை ஒழுங்குபடுத்தினார்கள். தீர்ப்பாயம் 960-ல் தொடங்கியது என்பது அவர்கள் வைத்திருக்கிற கணக்கு. 1960-ல் ஆயிரமாவது ஆண்டு விழாவே கொண்டாடினார்களாம். 1238-ல் ஜெய்மே என்கிற கிறிஸ்தவ அரசர் ஊரைப் பிடித்தார். ஆட்சி மாறியது, மதம் மாறியது. ஆனால், தண்ணீரை மட்டும் பழைய வழக்கப்படியே பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று அவர் விட்டுவிட்டார். ஸ்பெயினின் 1978 அரசியல் சட்டத்திலும் இப்படிப்பட்ட மரபு நீதிமன்றங்களுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். 2009-ல் யுனெஸ்கோ இதை உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆக, டூரிஸ்ட் வேடிக்கை இல்லை. இன்றைக்கும் அங்கே சொல்கிற தீர்ப்பு செல்லும். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

வழக்குகள் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். முறை இல்லாத நேரத்தில் தண்ணீர் திருடியது. கரையை வெட்டியது. தன் பங்கு வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டது. கவனிக்காமல் பாய்ச்சி அடுத்தவன் வயலை முக்கியது. புகார் கொடுத்தால் அடுத்த வியாழன் விசாரணை. மனு கிடையாது, பேப்பர் கிடையாது, வக்கீல் கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சு. யார் பேச வேண்டும் என்பதைத் தலைவர் காலை நீட்டிக் காட்டுவார். கையால் இல்லை, காலால். அது அவர்கள் வழக்கம். பிரதிவாதி எந்த வாய்க்கால்காரரோ, அந்த வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்புப் பேச்சில் கலந்துகொள்ள மாட்டார். பிரதிவாதி ஆற்றின் வலதுகரைக்காரர் என்றால் தீர்ப்பை முன்மொழிவது இடதுகரைப் பிரதிநிதிகள். இடதுகரை என்றால் வலதுகரை. அங்கேயே, அப்போதே தீர்ப்பு.

தண்ணீர்ப் பங்கும் இத்தனை லிட்டர் என்று கிடையாது. ஆற்றில் வருவதில் இத்தனை பங்கு. ஆறு நிறைந்தால் எல்லாருக்கும் நிறையும், குறைந்தால் எல்லாருக்கும் குறையும்.

"அப்ப ஏன் அன்னைக்கு ஒருத்தருமே வரல?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "பெரும்பாலும் வியாழக்கிழமை வரைக்கும் போகாது. 'சரி, வியாழக்கிழமை வாசல்ல பார்த்துக்குவோம்'னு வாய்க்கால் காவலாளி சொன்னாலே போதும். புதன்கிழமை ராத்திரி தானா வீட்டுக் கதவைத் தட்டிருவான்."

ஏன் அப்படி என்றும் அவரே சொன்னார். "எட்டுப் பேரும் தண்ணி பாய்ச்சுறவங்க. மடையில எப்படித் திருடலாம்னு அவங்களுக்கும் தெரியும். அவங்க முன்னால நின்னு பொய் சொல்ல வெக்கமா இருக்கும்."

மகள் இதை மொழிபெயர்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலு மணி நேரத் தண்ணீர்

1989 கார் பருவம். அப்போது மேக்கரையில் அடவிநயினார் அணை கட்டவில்லை. அனுமன் நதியில் மலைத்தண்ணீர் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த வருஷம் சாரல் பொய்த்துப்போக, வாய்க்காலில் முறை வைத்துப் பாய்ச்சினோம். எங்கள் வயலுக்குக் கீழ்வயல் என் பெரியப்பா மகனுடையது. ராத்திரி பன்னிரண்டு முதல் நாலு வரை அண்ணன் முறை. ஒரு ராத்திரி, அவர் வயலுக்குப் போகிற மடையில் யாரோ வாழைத்தண்டை அடைத்து மண் போட்டு மெத்திவிட்டார்கள். அவருடைய நெல் கதிர் வாங்குகிற நேரம். அந்தத் தண்ணீர் கிடைக்காமல் பாதி வயல் பதராகப் போனது.

அண்ணன் எங்கள் அப்பாமேல் கேஸ் போட்டார். முன்சீப் கோர்ட், அப்புறம் அப்பீல். ஒன்பது வருஷம். வாய்தா, வாய்தா. கமிஷனர் வந்து மடையைப் பார்ப்பதற்குள் இரண்டு வருஷம் ஓடி, மடையே இடம் மாறியிருந்தது. வாய்க்காலில் எங்களுக்கு எத்தனை தலைமுறை அனுபவ பாத்தியம் என்று எங்கள் வக்கீல் பக்கம் பக்கமாக எழுதினார். வாழைத்தண்டைப் பற்றிக் கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை. அப்பா ஒரு ஜோடி எருமையையும் அரைக்கோட்டை விதைப்பாடு நிலத்தையும் விற்றார். அண்ணன் அதைவிட அதிகமாக விற்றார். அவர் விற்ற இடத்தில் இன்றைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்த பிளாட் கல் நிற்கிறது. 1996-ல் அப்பா இறந்தபோது அண்ணன் துஷ்டிக்கு வரவில்லை. 1998-ல் ராஜி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். நாலு மணி நேரத் தண்ணீருக்கு ஒன்பது வருஷம்.

வாழைத்தண்டை அடைத்தது நான். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. அப்பாவுக்குத் தெரியாது. 'என் மகன் அப்படிச் செய்ய மாட்டான்' என்று கோர்ட்டில் சத்தியம் பண்ணிச் சொன்னவர் அவர். எனக்கோ பேப்பரில் வக்கீல் எழுதுகிற பொய்யின் கீழே கையெழுத்துப் போடுவது சுலபமாக இருந்தது. அடுத்த வியாழக்கிழமையே ஊர் வாய்க்கால்காரர்கள் எட்டுப் பேர் முன்னால், "ஏலே, நீ செஞ்சியா இல்லியா?" என்று கேட்டிருந்தால் என்னால் முடிந்திருக்காது.

இப்படி ஒரு ஏற்பாடு நமக்கும் புதிதில்லை. உத்திரமேரூர் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஏரியைக் கவனிக்கத் தனிக்குழு வருகிறது. முதலாம் பராந்தகன் காலம், 919, 921. வலென்சியாக்காரர்கள் சொல்கிற 960-க்கு முந்தியது. அந்தச் சபையில் ஊரில் எல்லாருக்கும் இடம் இருந்ததாகச் சொல்ல முடியாது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என் சிறுவயதில் எங்கள் குளத்துக்கு நீர்பாய்ச்சி இருந்தார். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் கையில். அறுவடைக் களத்தில் அவருக்கு நெல் அளந்துவிட்டுத்தான் மூட்டை வீட்டுக்குப் போகும். அவருடைய மகன் திருப்பூருக்குப் போனபிறகு அந்த வேலைக்கு ஆள் வரவில்லை. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்கு 2000-ல் சட்டமே போட்டார்கள். 2017-ல் குடிமராமத்து என்ற பழைய பெயரும் திரும்ப வந்தது. தூர்வாரினார்கள், நல்லதுதான். ஆனால், ராத்திரி இரண்டு மணிக்கு மடையில் சண்டை வந்தால் யார் தீர்ப்பது என்ற இடம் மட்டும் காலியாகவே இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் ஓடுகிறோம்.

வலென்சியாவிலும் எல்லாம் பொன்னாக இல்லை. நகரம் வளர்ந்து வயலைத் தின்றுகொண்டிருக்கிறது. பெரியவரின் மகனே கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டான். தனக்குப் பிறகு அந்தக் கோரையை யார் நடுவார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

அங்கே போக வாய்ப்புள்ளவர்கள் வியாழக்கிழமை ஊரில் இருக்கிற மாதிரி திட்டம் போடுங்கள். பண்டிகை விடுமுறை நாட்களிலும், கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி முதல் வாரம் வரையும் தீர்ப்பாயம் கூடாது. பதினொன்றரைக்கே போய் நின்றால்தான் முன்வரிசை. பார்க்கக் காசு கிடையாது. பிள்ளைகள் அங்கே இருந்தால் சுற்றுலா விசாவில் 90 நாள்வரை தங்கலாம். நமக்கு மாட்டை விட்டுவிட்டு அவ்வளவு நாள் எங்கே முடிகிறது?

ஆனியில் ஊர் திரும்பினோம். சாரல் தொடங்கியிருந்தது. அனுமன் நதியில் தண்ணீர் வந்து, கோயில் படித்துறையில் யாரோ நேர்ச்சைக்குப் படிப்பாயசம் ஊற்ற, பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் வாய்க்கால் மடைக்குப் போனேன். அண்ணன் மிச்சமிருக்கிற தன் தென்னைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார். பத்து வருஷமாகக் கல்யாண வீட்டில் பார்த்தால் தலையாட்டிக்கொள்கிற அளவுக்கு வந்திருந்தோம். அதற்குமேல் பேச்சு இல்லை.

பக்கத்தில் போய் நின்று சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ல. அந்தத் தண்டு உங்க கொல்லைல வெட்டுனது. பேயன் வாழை. இந்தப் பத்துல வேற யார் வச்சிருந்தா?" என்றார். "சித்தப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"தெரியாமலே போய்ட்டாரா." திரும்பி மடையைப் பார்த்தார். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

என்ன பேசுவது என்று தெரியாமல் வலென்சியாக் கதையைச் சொன்னேன். எட்டு நாற்காலி, பித்தளைக் கொக்கி, காலை நீட்டிக் காட்டுவது எல்லாம். அவர் பாதி கேட்டார், பாதி கேட்கவில்லை. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த எட்டுப் பேருல கடைமடைக்காரன் எத்தனை பேரு?"

வலதுகரைக்காரன் குற்றத்துக்கு இடதுகரைக்காரர்கள் தீர்ப்பு சொல்கிற முறையை விளக்கினேன். அதைக் கவனமாகக் கேட்டார். இரண்டாவது தடவையும் சொல்லச் சொன்னார்.

"நம்ம வாய்க்காலுக்கு ரெண்டு கரையிலயும் ஆளு கிடப்பான்" என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியை என் கையில் கொடுத்தார். "மணி பத்தாகுது. இனி உன் முறை. திருப்பிக்கோ."